தினமும் ஓட்டும் வண்டியை டிராக் வண்டியாக மாற்றுதல்: குமரி மாவட்டத்து ஓட்டுநர்களின் கேள்விகளும் பதில்களும்

தக்கலைக்கு அருகில் வசிக்கும் நான், ஆறு ஆண்டுகள் வேலைக்குப் போகவும் வரவும் ஓட்டிய ஒரு டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக்கைப் படிப்படியாக, பந்தயத் தடத்தில் மட்டுமே ஓடும் வண்டியாக மாற்றினேன். அதைப் பார்த்துவிட்டு நாகர்கோவில், மார்த்தாண்டம், கருங்கல், குலசேகரம் பகுதிகளைச் சேர்ந்த இளைஞர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அவசரத்தில் சொல்லும்போது முக்கியமான ஏதோ ஒன்று விட்டுப்போகிறது என்பதால், நிதானமாக எழுதி வைக்கிறேன்.

என்னிடம் இருப்பது விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார் அல்ல. சாதாரண ஹேட்ச்பேக்கை இப்படி மாற்றுவதில் பொருள் உண்டா?

நிச்சயமாக உண்டு. இரண்டு கதவுகளும் பின்சக்கர இழுவையும் கொண்ட வண்டிதான் ஸ்போர்ட்ஸ் கார் என்ற இலக்கணத்தை நம் ஊரில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எடை குறைவாகவும், உதிரிபாகம் எளிதில் கிடைப்பதாகவும், பிரேக்கும் ஸ்டீயரிங்கும் ஒழுங்காகப் பேசுவதாகவும் இருக்கும் வண்டியே கற்றுக்கொள்ளச் சிறந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினைப் பொருத்தி ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளை உருவாக்கினார். இந்தியப் பந்தயத்தில் ஒரு தலைமுறை அந்தச் சிறிய எஞ்சினை வைத்துத்தான் பழகியது. எஞ்சின் சிறியது என்பது ஒரு குறையே அல்ல.

வண்டியை முழுமையாக மாற்றாமல், அன்றாட ஓட்டத்துக்கும் டிராக்குக்குமாக வைத்துக்கொள்ள முடியாதா?

முடியும். முதல் நான்கைந்து முறை அப்படித்தான் ஓட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல விரும்பும் தலையாய செய்தியும் இதுதான்: மாற்றங்களில் திரும்பப் பெறக்கூடியவை, திரும்பப் பெற முடியாதவை என இரு வகை உண்டு, முதல் வகையை முற்றிலும் பயன்படுத்தித் தீர்க்கும் வரை இரண்டாம் வகையைத் தொடக்கூடாது.

பிரேக் பேடு, பிரேக் ஆயில், டயர், எஞ்சின் ஆயில், வீல் அலைன்மென்ட் ஆகியவை திரும்பப் பெறக்கூடியவை. சனிக்கிழமை டிராக்கில் ஓடிய வண்டியைத் திங்கட்கிழமை பழையபடி சாலையில் ஓட்டலாம். தரை விரிப்பையும் ஒலித்தடுப்புத் தார்ப்பட்டைகளையும் சுரண்டி எடுப்பது, ஏர்பேக்கைக் கழற்றுவது, வண்டி உருண்டால் உள்ளிருப்பவரைக் காக்கும் ரோல் கேஜ் என்ற குழாய்க் கூட்டைப் பின் இருக்கை இருந்த இடத்தில் வெல்டு செய்வது ஆகியவை இரண்டாம் வகை. கூரைக்குக் கீழே ஒரு குழாயை நிறுத்திவிட்ட பிறகு அந்த வண்டியில் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல முடியாது. மழைக்குப் பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுவிட முடியாது. நல்ல விலைக்கு விற்கவும் முடியாது. ஆகவே, வீட்டுத் தேவைக்கு வேறொரு வண்டி இருக்கிறதா, மழை படாமல் நிறுத்த இடம் இருக்கிறதா, ஆண்டுக்குச் சில முறையாவது டிராக்குக்குப் போகும் அளவுக்கு விடுப்பும் பணமும் இருக்கின்றனவா என்ற மூன்று கேள்விகளுக்கும் வீட்டாரை உடன் வைத்துக்கொண்டு பதில் சொல்லிவிட்டு, அதன் பிறகே கிரைண்டரைக் கையில் எடுங்கள். நான் அவசரப்பட்டுப் பின் இருக்கையைக் கழற்றி விற்றுவிட்டு, பிறகு எட்டு மாதங்கள் டிராக் பக்கமே போக முடியாமல், இரண்டு பேர் மட்டும் உட்காரும் வண்டியோடு குடும்பத்தைத் திண்டாட வைத்தேன்.

நம் மாவட்டத்திலிருந்து போகக்கூடிய பந்தயத் தடங்கள் எவை?

அருகில் இருப்பது கோயம்புத்தூருக்குத் தெற்கே செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. முன்பு சொன்ன கரிவரதனின் நினைவாகப் பெயரிடப்பட்ட இத்தடம் ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர் நீளமுள்ளது. அடுத்தது சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பொறுப்பில் உள்ள, 3.7 கிலோமீட்டர் நீளமான தடம். 1990இல் பந்தயம் தொடங்கிய இதை இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்கிறார்கள். நாகர்கோவிலிலிருந்து முதலாவதற்கு நானூறு கிலோமீட்டருக்கு மேல்; இரண்டாவதற்கு ஏறத்தாழ எழுநூறு.

இந்தத் தூரத்தை மறந்துவிட்டு நம் ஊரில் எந்தத் திட்டமும் போடக்கூடாது. கோயம்புத்தூர்க்காரர் வண்டியில் ஒரு போல்ட்டு உடைந்தால் மத்தியானத்துக்குள் வீட்டுக்குப் போய் எடுத்து வந்துவிடுவார். நமக்கு அந்த ஒரு போல்ட்டால் முழுப் பயணமும் வீணாகும். உதிரி பேடு ஒரு செட், பிரேக் ஆயில், வீல் நட்டுகள், ஒரு டிரைவ் ஷாஃப்ட், ஒரு வீல் பேரிங், கூலன்ட் ஹோஸ்கள், கிளிப்புகள் ஆகியவற்றை ஒரு பெட்டியில் எப்போதும் நிரப்பி வைத்திருங்கள்.

மாற்றிய வண்டியை அங்கே எப்படிக் கொண்டு செல்வது?

ஓட்டிக்கொண்டு போகக்கூடாது, ஏற்றிக்கொண்டு போக வேண்டும். பிளாட்பெட் வைத்த ரிக்கவரி வண்டியை, கிலோமீட்டர் கணக்கில் வாடகை பேசி அமர்த்துவது பெரும்பாலோருக்குப் பொருந்தும். நண்பர்கள் இருவர் சேர்ந்து இரண்டு வண்டிகள் ஏறும் லாரியாகப் பிடித்தால் செலவு குறையும்.

கட்டும் முறையில் கவனம் தேவை. சேசிஸ் கொக்கியில் சங்கிலி போட்டு இறுக்கினால் வழிநெடுக சஸ்பென்ஷன் குதிக்கக் குதிக்கக் கட்டு தளரும். நான்கு டயர்களின் மேலாகவும் பட்டையைச் சுற்றி இறுக்குவதே சரி. ஆரல்வாய்மொழிக் கணவாயையும் முப்பந்தலையும் கடக்கும்போது, குறிப்பாக ஆனி, ஆடி மாதங்களில், பக்கவாட்டுக் காற்று வண்டியையே அசைக்கும். காவல்கிணறு தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, ஒவ்வொரு பட்டையையும் கையால் இழுத்துப் பார்க்காமல் நான் மேலே போவதில்லை.

அவ்வளவு தூரம் போகும் முன், விடியற்காலையில் நான்குவழிச் சாலையில் ஒருமுறை சோதித்துப் பார்க்கலாமா?

கூடாது. அந்த நேரத்தில்தான் தோவாளைக்குப் பூ ஏற்றி வருபவர்களும், மீன் கூடையோடு துறைமுகத்திலிருந்து திரும்புபவர்களும், நடைப்பயிற்சி செல்லும் முதியவர்களும் சாலையில் இருக்கிறார்கள். பொதுச் சாலையில் வேகப்போட்டியும் வேகச் சோதனையும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதைக்கூட நான் இரண்டாவதாகவே சொல்வேன்.

வண்டியை மாற்றினால் ஆர்.சி. என்னவாகும்? சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டில் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளருக்கு விதிக்கப்படலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனியுங்கள். சைலன்சர் ஒன்று, இருக்கை ஒன்று, ரோல் கேஜ் ஒன்று என எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும்.

தேய்ந்த பேடுக்குப் பதில் புதுப் பேடும், அதே அளவில் வேறு டயரும் போடுவது பராமரிப்பு. உட்பகுதியைப் பிரித்துக் குழாயை நிறுத்துவது மாற்றம். அந்தக் கட்டத்தைத் தாண்டிய வண்டி, டி.என். 74 ஆனாலும் டி.என். 75 ஆனாலும், நம்பர் பிளேட்டு இருக்கிறது என்பதற்காகச் சாலையில் இறங்கக்கூடாது. பெட்ரோல் போடப் பக்கத்துத் தெரு வரை செல்வதும் இதில் அடங்கும். பதிவை நீக்க விரும்பினால், நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உங்களுக்குரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் விண்ணப்பித்து, பதிலையும் எழுத்து மூலமே வாங்குங்கள். வாய்மொழியாகக் கிடைக்கும் உறுதி பிற்பாடு உதவாது.

டிராக்கில் விபத்து ஏற்பட்டால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?

கிடைக்காது. சாதாரண வாகனக் காப்பீட்டுப் பத்திரத்தின் பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியைப் படித்தால், பந்தயம், வேகச் சோதனை ஆகியவை விலக்கப்பட்டிருப்பதைக் காணலாம். எனவே அந்த வண்டி முழுவதும் இடிந்து போனாலும் கடன் இல்லாமல் தாங்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தவணை முடியாத வண்டியை டிராக் வண்டியாக மாற்றாதீர்கள்.

முதலில் எதை மாற்ற வேண்டும்?

பிரேக்கை. எல்லோரும் எஞ்சினைப் பற்றியே கேட்கிறார்கள். நான் எப்போதும் பிரேக்கைப் பற்றியே பதில் சொல்கிறேன்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஓட்டுநரோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 70 கிலோமீட்டருக்கு வரும்போது விடும் ஆற்றல், அறையின் வெப்பத்தில் இருக்கும் இரண்டு லிட்டருக்குச் சற்று மேற்பட்ட தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. நேர்சாலையின் முடிவில், ஒரே மிதியில், மூன்று நான்கு விநாடிகளுக்குள் அவ்வளவு வெப்பமும் டிஸ்க்கிலும் பேடிலும் இறங்குகிறது. ஒரு சுற்றுக்குள் இது பல முறை நடக்கிறது. ஆற விடுவதற்கு நேரமே இல்லை. மார்த்தாண்டம் நெரிசலில் ஒரு நாள் முழுவதும் மிதித்தாலும் பிரேக் இப்படி வேலை செய்வதில்லை.

வெப்பத்தில் முதலில் தோற்பது பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்தத் தரம் உறுதியளிக்கும் எல்லை 155 டிகிரிதான். ஆண்டில் இரு பருவமழையும், மீதி நாட்களில் கடற்காற்றும் இருக்கும் நம் மாவட்டத்தில் திறந்த டப்பாவை மூடி வைத்து அடுத்த மாதம் ஊற்றுவது தவறு. மிச்சத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிடுங்கள்.

என் முதல் ஓட்டத்தில் செட்டிபாளையத்தில் நான்காம் சுற்று முடியும் நேரத்தில் பெடல் மெத்தையாகி, ஐந்தாம் சுற்றில் தரையைத் தொட்டது. மறுபடி மறுபடி மிதித்துக் கொஞ்சம் அழுத்தம் ஏற்றி, கியரைக் குறைத்து, வளைவுக்கு வெளியே மண்ணில் போய் நின்றேன். பிறகு, பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரில் ஆயில் வடிப்பதற்காக உள்ள நிப்பிளில் வெள்ளைக் குழாயை மாட்டித் திறந்தபோது, வெளிர் மஞ்சளாக வர வேண்டிய ஆயில் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் வந்தது. அதனூடே கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்ததைக் கண்ணால் கண்டேன். அதற்கு மூன்று மாதம் முன் சர்வீஸ் செய்த ஒர்க்‌ஷாப்பின் பில்லில் பிரேக் ஆயில் மாற்றியதாக எழுதியிருந்தது. அன்றிலிருந்து அந்த வேலையை வேறு யாரையும் செய்ய விடுவதில்லை. டிராக்குக்குப் போகும் முன் ஒவ்வொரு முறையும் நானே மாற்றுகிறேன்.

கொதிநிலை 300 டிகிரியைத் தாண்டும் பந்தய ஆயில் கிடைக்கிறது. விலை அதிகம் என்றாலும் அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். பேடைப் பொறுத்தவரை, சூட்டைத் தாங்கும் டிராக் பேடு குளிர்ந்த நிலையில் நன்றாகப் பிடிக்காது, கிறீச்சிடும், டிஸ்க்கையும் வேகமாகத் தின்னும். அதை மாட்டிக்கொண்டு சாலையில் சுற்றினால் முதல் சிக்னலில் முன்னால் நிற்பவரை இடிப்பீர்கள். இரு வேலைக்கும் ஓட்டும் காலத்தில் இரண்டு செட் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள்.

ஏ.பி.எஸ்ஸைக் கழற்றிவிட வேண்டும் என்கிறார்களே?

வேண்டாம். எடையில் சில கிலோ குறைவதற்காக, பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுத்து ஈரத் தடத்தில் உங்களைக் காப்பாற்றக்கூடிய ஒன்றை இழக்காதீர்கள்.

எப்படிப்பட்ட டயர் போடுவது?

தொடக்கத்தில் நல்ல சாலை டயரே போதும். சாலை டயர் பிடி விடுவதற்கு முன் சத்தம் போட்டு எச்சரிக்கும். மெல்ல மெல்ல வழுக்கும். வரிப்பள்ளங்கள் குறைந்த, பிடி மிகுந்த அரை ஸ்லிக் டயர் உங்கள் தவறுகளை நெடுநேரம் பொறுத்துக்கொண்டு, பிறகு ஒரே நொடியில் கைவிடும். ஓட்டத்தில் ஒழுங்கு வந்த பிறகு அதற்குப் போகலாம்.

வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 2323 என்றால் 2023ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. வீட்டு முற்றத்தில் ரப்பர் ஷீட்டு உலர்த்தும் குலசேகரம், அருமனைக்காரர்களுக்கு, ரப்பர் காலப்போக்கில் இறுகிப்போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

காற்றழுத்தம்தான் செலவில்லாத பெரிய திருத்தம். சில சுற்றுகளில் டயர் சூடேறி, உள்ளே அழுத்தம் 6 முதல் 8 பி.எஸ்.ஐ. வரை உயரும். எனவே குளிர்ந்த நிலையில் குறைத்துத் தொடங்கி, ஓடி வந்தவுடன் அளந்து திருத்த வேண்டும். டயரின் தோள்பட்டையில், ஓட்டுமுகமும் பக்கச்சுவரும் சேரும் இடத்தில், சாக்பீசால் குறுக்குக் கோடு ஒன்று போட்டு அனுப்புங்கள். திரும்பி வரும்போது கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் அழுத்தம் போதவில்லை. கோடு தொடப்படாமலே இருந்தால் அழுத்தம் அதிகம். முன்சக்கர இழுவை வண்டியில் முன் டயர்களே இழுக்கவும் திரும்பவும் பிரேக் பிடிக்கவும் வேண்டியிருப்பதால் அவை முதலில் தீர்ந்துபோகும். முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே அளவை வைத்திருந்தால் இடம் மாற்றிப் போடலாம்.

எஞ்சின் சூடேறுவதை எப்படித் தடுப்பது?

ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே சேர்ந்திருக்கும் மண்ணையும் பூச்சிகளையும் உப்புத்தூளையும் கழுவி, தெர்மோஸ்டாட்டையும் மூடியையும் புதிதாக்குவதே பாதி வேலை. முழு டிராக் வண்டியில் கிளைகால் என்ற வேதிப்பொருள் கலந்த கூலன்ட்டுக்குப் பதில் காய்ச்சி வடித்த நீரும் துருத்தடுப்பியும் ஊற்றுவது வழக்கம். கிளைகால் கலந்த கூலன்ட் தடத்தில் கொட்டினால் பின்னால் வருபவர் வழுக்கி விழுவார்.

கூலன்ட்டைவிட எஞ்சின் ஆயிலைப் பற்றியே நான் அதிகம் கவலைப்படுவேன். நீண்ட வளைவில் முழுவேகத்தில் செல்லும்போது, எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பிலுள்ள ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, உறிஞ்சும் குழாய் ஓரிரு விநாடி காற்றை இழுக்கும். அந்த ஓரிரு விநாடியில் பேரிங் தேய்ந்துவிடும். டேஷ்போர்டு விளக்கு எரிவதற்குள் காலம் கடந்திருக்கும். சம்ப்புக்குள் தடுப்புத் தகடுகள் வைப்பதும், அழுத்தத்தையும் வெப்பத்தையும் தனித்தனி மீட்டர்களில் காட்டுவதும், எஞ்சினுக்குத் தயாரிப்பாளர் அனுமதித்த உச்சக்குறி வரை ஆயிலை நிரப்பி வைப்பதும் இதற்கான வழிகள். ஓட்டத்தின் கடைசிச் சுற்றைப் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள்; டர்போ வண்டிக்கு இது கட்டாயம்.

எடையைக் குறைக்க எதையெல்லாம் கழற்றலாம்?

ஸ்டெப்னி, ஜாக்கி, பின் இருக்கை, விரிப்பு, கதவு உள்பலகை, ஒலிபெருக்கி, ஒலித்தடுப்புப் பட்டை என்று வரிசையாகப் போகலாம். தார்ப்பட்டைகளைச் சூடான காற்றுத் துப்பாக்கியால் இளக்கிச் சுரண்டுவது ஒரு வாரக் கைவேலை. வைப்பரையும் கண்ணாடியின் ஆவியைப் போக்கும் ஊதியையும் கழற்றாதீர்கள். மழை வந்தால் மூச்சுக்காற்றே கண்ணாடியை மறைத்துவிடும்.

நம் ஊருக்கென்று ஓர் எச்சரிக்கை. கம்பெனி பூசிய அடிப்பூச்சையும் தார்ப்பட்டையையும் எடுத்த இடத்தில் வெறும் தகரம் வெளியே தெரியும். நான் அதை அப்படியே விட்டு ஒரு மழைக்காலம் போனதும், சீட் ரெயிலின் அடியில் காவி நிறம் படர்ந்து, ஸ்குரூ டிரைவரால் தட்டியபோது செதில் செதிலாக உதிர்ந்தது. சுரண்டிய அன்றே துடைத்து, எபாக்சி பிரைமர் அடித்து, அதன்மேல் பெயிண்ட் அடியுங்கள்; நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

பானெட்டையும் டிக்கிக் கதவையும் ஃபைபரில் செய்யலாமா என்று கேட்கிறார்கள். செய்யலாம், அதற்கு வெளியூர் போக வேண்டியதும் இல்லை. குளச்சலிலிருந்து சின்னமுட்டம் வரை நம் கடற்கரையில் ஃபைபர் வள்ளம் கட்டியும் ஒட்டியும் பழகிய கைகள் இருக்கின்றன. பாயை விரித்து, ரெசினைத் தடவி, உருளையால் காற்றுக்குமிழியை வெளியேற்றும் அவர்களது நேர்த்தியை ஒருமுறை அருகில் நின்று பாருங்கள். வள்ளத்துக்கான கனத்தில் போட்டுவிட வேண்டாம் என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பானெட்டுக்கு நான்கு மூலையிலும் பூட்டு ஊசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ.சி.யைக் கழற்றலாமா?

எடைக்காகக் கழற்றலாம். ஆனால் ஹெல்மெட்டும் தீத்தடுப்பு உடையும் அணிந்து நம் வெயிலில் இருபது நிமிடம் ஓட்டுபவர் எவ்வளவு நீர் இழக்கிறார் என்பதை எண்ணி, குடிக்கத் தண்ணீருக்கும் முகத்துக்குக் காற்றுக்கும் வழி செய்த பிறகு கழற்றுங்கள்.

ரோல் கேஜை நம் ஊர் வெல்டர் செய்ய முடியுமா?

கை திறமை இருக்கிறது. பொருளும் வரைபடமும் சரியாக இருக்க வேண்டும். கேட்டுக்கும் கூரைக்கும் பயன்படும் ஜி.ஐ. பைப்பில் ஒருபோதும் செய்யக்கூடாது. அதில் நீளவாக்கில் தையல் இருக்கிறது. மோதலில் அது பிளந்துகொள்ளும். சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிப்படி, ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளைவுக்குத் தையலற்ற, குளிர்நிலையில் இழுத்த கரிம எஃகுக் குழாய் வேண்டும்; 45 மில்லிமீட்டர் விட்டமானால் 2.5 மில்லிமீட்டர் கனம், 50 மில்லிமீட்டரானால் 2 மில்லிமீட்டர் கனம். குழாயின் பாதம் தரைத் தகரத்தில் நேரடியாக உட்காராமல், 3 மில்லிமீட்டருக்குக் குறையாத கனமும் 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள தகட்டின் மேல் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் வண்டி உருளும்போது குழாய் தரையைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிடும். போட்டிகளில் கலந்துகொள்ளும் எண்ணம் இருந்தால், இந்தியக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் நடப்பு விதியைப் படித்துவிட்டு, பரிசோதகர் ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டிய பின்னரே குழாயை வளையுங்கள்.

கேஜ் இருக்கும் வண்டியில் ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவது, கேஜே இல்லாமல் ஓட்டுவதைவிட ஆபத்தானது. சிறு மோதலிலும் தலை போய் அடிப்பது இரும்புக் குழாயில். இந்த ஒரு காரணத்துக்காகவே, அழகுக்காகக் கேஜ் வைத்துக்கொண்டு ஊருக்குள் சுற்றும் பிள்ளைகளைக் காணும்போது எனக்கு வயிறு கலங்குகிறது.

இருக்கை, பெல்ட், கேஜ், ஹெல்மெட், கழுத்துக் காப்பு ஆகிய ஐந்தும் ஒரே அமைப்பு. ஆறு முனை பெல்ட்டைக் கம்பெனி இருக்கையில் மாட்டினால், தொடைகளுக்கிடையே வரும் பட்டைக்கு அதில் வழி இல்லாததால் உடல் அடியில் வழுக்கி, பெல்ட் வயிற்றில் ஏறிவிடும். தலை காக்கப்படாமல் தோள் மட்டும் இறுகிக் கட்டப்பட்டிருந்தால் கழுத்தே முழு அதிர்ச்சியையும் தாங்க வேண்டியிருக்கும். ஹேன்ஸ் எனப்படும் கழுத்துக் காப்பு 2003இலிருந்து ஃபார்முலா ஒன் பந்தயத்தில் கட்டாயமாக்கப்பட்டது இதற்காகத்தான். ஹெல்மெட்டில், ஹெல்மெட்டுகளைச் சோதிக்கும் ஸ்னெல் அமைப்பின் எஸ்.ஏ. முத்திரை இருக்க வேண்டும், பைக்குக்கான எம். முத்திரை ஹெல்மெட்டுக்குத் தீயைத் தாங்கும் சோதனை இல்லை. பெல்ட்டுக்கும் இருக்கைக்கும் காலாவதித் தேதி அச்சிடப்பட்டிருக்கும். பழையதை மலிவாக வாங்கும் முன் அதைப் பாருங்கள்.

ஏர்பேக்கைக் கழற்றும் வேலையை, பேட்டரியைத் துண்டித்துக் காத்திருந்து செய்யத் தெரிந்தவரிடம் விடுங்கள். அதற்குள் இருப்பது வெடிபொருள்.

சஸ்பென்ஷனை எவ்வளவு இறக்க வேண்டும்?

பெரும்பாலோர் நினைப்பதைவிடக் குறைவாக. முதலில் தேய்ந்த புஷ்களையும் பால் ஜாயின்ட்டுகளையும் மாற்றி, முன்சக்கரத்தின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்வதற்கு வழிசெய்யும் கேம்பர் பிளேட்டை மாட்டுங்கள்; முன்சக்கர இழுவை வண்டி வளைவில் வெளியே தள்ளிக்கொண்டு போவது அதிலேயே பெருமளவு குறையும். ஸ்பிரிங்கை வெட்டி இறக்கினால், சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் கோணம் கெட்டு, பார்வைக்குத் தாழ்ந்தும் ஓட்டத்துக்கு மோசமாகவும் ஆகும். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றுக்கொன்று பொருந்திய செட்டாகவே வாங்குங்கள்.

எஞ்சின் சக்தியை எப்போது கூட்டுவது?

கடைசியில். ஒரே நாளில், அதே வண்டியில், அனுபவமுள்ள ஓட்டுநர் உங்களைவிடச் சில விநாடிகள் வேகமாகச் சுற்றி வரும் வரை குறை எஞ்சினில் இல்லை. பயிற்றுநரைப் பக்கத்தில் அமர்த்தி ஓட்டும் ஒரு நாளுக்குக் கொடுக்கும் பணம், எஞ்சின் கணினியின் நிரலை மாற்றிச் சக்தியைக் கூட்டும் ரீமேப்புக்குக் கொடுக்கும் பணத்தைவிட உங்களை வேகமாக்கும்.

டிராக்கிலிருந்து திரும்பிய பின் என்ன செய்ய வேண்டும்? வண்டியை எப்படி வைத்துக்கொள்வது?

ஓட்டம் முடிந்து நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக்கைப் போடாதீர்கள். சூடான டிஸ்க்கில் பேடு ஒட்டிக்கொள்ளும். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஊர் வந்ததும் நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவி உலர்த்துங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக மூடினால் உள்ளே ஈரம் தங்கித் துரு விரைவில் பிடிக்கும். காற்றோட்டமுள்ள துணி உறை போதும். மாதக்கணக்கில் ஓடாது என்றால் பேட்டரியைக் கழற்றி, டயர் தரையில் அழுந்தாதபடி ஸ்டாண்டில் ஏற்றி வையுங்கள்.

பிறகு நான்கு சக்கரங்களையும் கழற்றி, பேடு கனத்தை அளந்து, டிஸ்க்கில் மயிரிழை போன்ற விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, சஸ்பென்ஷனின் ஒவ்வொரு நட்டையும் சோதிக்க வேண்டும். இறுக்கிய நட்டின் மீதும் அதன் பக்கத்து இரும்பின் மீதும் சேர்த்து மஞ்சள் பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோடு உடைந்து விலகியிருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது. வலப்பக்க வளைவுகள் மிகுந்த தடத்தில் இடப்பக்கப் பாகங்களே முதலில் களைக்கும் என்பதால் அங்கிருந்து தொடங்குவேன். காண்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுவேன். கடைசிப் பதிவு இது: முன் இடது பேடு 6 மில்லிமீட்டர், முன் வலது 6.5, இடது டிரைவ் ஷாஃப்ட் பூட்டின் மடிப்பில் கிரீஸ் ஈரம், வண்டியை அடுத்த முறை ஏற்றும் முன் பூட்டை மாற்ற வேண்டும்.